ஆந்த்ரே ப்ராவரின் நடிப்பைப் பார்க்க ஒரே ஒரு டிவிடி தொகுப்பு: ‘ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்’

‘ப்ரூக்ளின் நைன்-நைன்’ நகைச்சுவைத் தொடரின் கேப்டன் ஹோல்ட்டாக மட்டுமே ஆந்த்ரே ப்ராவரைத் தெரிந்தவர்கள் அவருடைய நடிப்பில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். மீதிப் பாதி ‘ஹோமிசைட்: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்’ தொடரில் இருக்கிறது. 1993 முதல் 1999 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஓடிய தொடர் இது. பால்டிமோர் நகரக் காவல்துறையின் கொலைப் பிரிவுதான் களம். ஏழு சீசன், 122 எபிசோட், கடைசியில் ஒரு தொலைக்காட்சிப் படம். இவை எல்லாம் 35 டிவிடிகளில் அடங்கிய முழுத் தொகுப்பைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். முதலில் ஏ அண்ட் இ நிறுவனம் வெளியிட்டது; 2017-ல் ஷவுட் ஃபேக்டரி மறுபடி கொண்டுவந்தது. ஒரு நாடக நடிகர் தொலைக்காட்சிக்கு வந்து என்ன சாதிக்க முடியும் என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் விற்பனையில் இல்லை. ஆனால் இதில் குறைகளும் உண்டு. தெரியாமல் வாங்கினால் தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

ப்ராவர் 1962-ல் சிகாகோவில் பிறந்தவர். மேற்குப் பகுதியில் உள்ள ஆஸ்டின் வட்டாரத்தில் வளர்ந்தார், இயேசு சபையினர் நடத்தும் செயின்ட் இக்னேஷியஸ் பள்ளியில் படித்தார், உதவித்தொகையோடு ஸ்டான்ஃபோர்ட் போனார். பொறியியல் படிக்கத்தான் போனார். அங்கே மாணவர்கள் போட்ட ‘ஹாம்லெட்’ நாடகத்தில் கிளாடியஸ் வேடம் கிடைத்தது, அதோடு பாதை மாறிவிட்டது. பிறகு நியூயார்க்கின் ஜூலியார்ட் பள்ளியில் நடிப்புக் கல்வி, 1988-ல் பட்டம். அடுத்த வருடமே ‘க்ளோரி’ படத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் சேரும் படித்த கறுப்பின இளைஞனாக முதல் திரைவேடம். அதே காலத்தில் டெலி சவாலஸின் ‘கோஜாக்’ தொலைக்காட்சிப் படங்களில் ஒரு துப்பறிவாளர் வேடம்.

இந்தத் தொகுப்பைப் பார்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதையடுத்த வேடம். 1990-91 பருவத்தில் வாஷிங்டனில் ஃபோல்ஜர் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ போட்டார்கள். ஒதெல்லோவாக ஏவரி ப்ரூக்ஸ், அவனை அழிக்கும் வில்லன் இயாகோவாக ப்ராவர், இயக்கம் ஹரால்ட் ஸ்காட். வழக்கமாக வெள்ளையர் நடிக்கும் இயாகோவை இங்கே ஒரு கறுப்பின நடிகர் செய்தார். இயாகோ கத்தி எடுப்பது கடைசியில்தான். அதுவரை பேசிப் பேசியே எதிரில் நிற்பவனின் மனசுக்குள் நுழைந்து, அவன் வாயாலேயே அவனைக் கவிழ்க்கிறவன். இரண்டு வருடம் கழித்து ‘ஹோமிசைட்’ தொடரில் ஃபிராங்க் பெம்பிள்டன் என்ற துப்பறிவாளராக வந்த ப்ராவர் செய்வதும் அதே வேலைதான், சட்டத்தின் பக்கம் நின்றுகொண்டு. பெம்பிள்டனும் இயேசு சபைக் கல்வி பெற்றவர், நியூயார்க்கிலிருந்து பால்டிமோர் வந்தவர், யாரோடும் ஒட்டாதவர், தன் சட்டை கசங்கக் கூடாது என்று நினைப்பவர்.

முதல் எபிசோடிலேயே அந்தப் பாத்திரத்தின் சாவி கிடைக்கிறது. பேரி லெவின்சன் இயக்கி, 1993 ஜனவரி 31-ல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டம் முடிந்த கையோடு ஒளிபரப்பானது. புதிதாகச் சேர்ந்த டிம் பேலிஸுக்கு (கைல் செகோர்) பெம்பிள்டன் தன் தொழிலை விளக்குகிறார்: நான் செய்வது விசாரணை இல்லை, விற்பனை, விற்கிற சரக்கு நீண்ட சிறைத்தண்டனை, வாங்குகிறவனுக்கு அதனால் ஒரு உபயோகமும் கிடையாது. இந்த வசனத்தை ப்ராவர் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். வாக்கியம் நீண்டுகொண்டே போகிறது, மூச்சு எங்கே வாங்குகிறார் என்றே தெரியவில்லை, கடைசிச் சொல்லில்தான் எடை இறங்குகிறது. நீளமான ஷேக்ஸ்பியர் வரிகளைக் கடைசிவரை தளராமல் கொண்டுபோகப் பழகிய தொண்டை அது.

தொடரைப் படம்பிடித்த முறையும் அவருக்குச் சாதகமாக இருந்தது. சூப்பர் 16 ஃபிலிம், கையில் பிடித்த கேமரா. வழக்கமான தொலைக்காட்சி முறையில் ஒரு காட்சியை முதலில் தூரத்திலிருந்து, பிறகு இவர் முகம், பிறகு அவர் முகம் என்று துண்டு துண்டாக எடுப்பார்கள். நடிகர் தன் பங்கைத் தனித்தனி வரிகளாகச் செய்துவிட்டுப் போகலாம். இங்கே காட்சியை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் நடிக்கவிட்டு, கேமரா அவர்களைச் சுற்றிச் சுற்றி அலைந்தது. திரும்பவும் முழுக்காட்சி, வேறு கோணம். மேடையில் வளராத பல நடிகர்களுக்கு இது தண்டனை மாதிரி. ப்ராவருக்கு இது வீடு. கேமரா எந்த நேரத்தில் தன் பக்கம் திரும்பும் என்று தெரியாததால், பேசாத நேரத்திலும் அவர் நடித்துக்கொண்டே இருக்கிறார்.

அதற்கு உச்ச உதாரணம், முதல் சீசனில் வரும் ‘த்ரீ மென் அண்ட் அடீனா’. முழுத் தொகுப்பில் ஒரே ஒரு எபிசோட் பார்க்க நேரம் இருந்தால் இதைப் பாருங்கள். பதினொரு வயதுச் சிறுமி அடீனா வாட்சன் கொலையில் சந்தேகப்படும் முதியவர், வண்டியில் பழம் விற்கும் ரிஸ்லி டக்கர். அவரிடமிருந்து வாக்குமூலம் வாங்க பெம்பிள்டனுக்கும் பேலிஸுக்கும் பன்னிரண்டு மணி நேரம். கிட்டத்தட்ட முழு எபிசோடும் விசாரணை அறைக்குள்ளேயே நடக்கிறது: மேஜை, நாற்காலிகள், மூன்று நடிகர்கள். எழுதியவர் டாம் ஃபான்டானா, இதற்காக அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருது வாங்கினார். இயக்கியவர் மார்ட்டின் கேம்ப்பெல்.

டக்கராக வருபவர் மோசஸ் கன். கறுப்பின நாடகக் குழுவான நீக்ரோ என்செம்பிள் கம்பெனி மேடைகளில் பேர் வாங்கிய மூத்த கறுப்பின நடிகர். இதுவே அவருடைய கடைசி வேடம், அதே 1993 டிசம்பரில் இறந்துவிட்டார். இரண்டு தலைமுறை மேடை நடிகர்கள் ஒரே மேஜையில் மோதுகிறார்கள். பேலிஸ் கத்துகிறார், மிரட்டுகிறார். பெம்பிள்டன் நாற்காலியை இழுத்து முதியவர் பக்கத்தில் போட்டு, குரலை இறக்கி, நண்பன் போலப் பேசுகிறார். ஒரு கட்டத்தில் டக்கர் பதிலுக்குப் பெம்பிள்டனைப் படிக்கத் தொடங்குகிறார்: நீ என்னைப் போன்ற கறுப்பனைப் பார்த்து வெட்கப்படுகிறவன், என்னைப் போல் ஆகிவிடவில்லை என்பதில் பெருமை கொள்கிறவன் என்று. அந்த நேரத்தில் ப்ராவருக்கு வசனம் கிடையாது. முகம் அப்படியே இருக்கிறது. கண் மட்டும் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு கணம் தடுமாறுகிறது, பிறகு மறுபடி இறுகிவிடுகிறது. பேசியே ஜெயிக்கிறவன் மீது பேச்சாலேயே அடி விழுகிறது. இந்த இடத்தை ரீவைண்ட் செய்து, கன்னைப் பார்க்காமல் ப்ராவரை மட்டும் பார்த்தால் பாடம் முழுசாகக் கிடைக்கும். முடிவைச் சொல்லப் போவதில்லை. இரண்டு துப்பறிவாளர்களும் உள்ளே வந்தபோது இருந்த இடத்தில் வெளியே போகும்போது இல்லை, அது போதும்.

இரண்டாவது சீசன் நாலே எபிசோட். அதில் ‘ப்ளாக் அண்ட் ப்ளூ’ அவசியம். ஒரு கொலை வழக்கில் காவலர்கள் மேல் சந்தேகம் போவதை மேலதிகாரி ஜியார்டெல்லோ (யாஃபெட் கோட்டோ, இவரும் ப்ராட்வே மேடையில் நின்றவர்) விரும்பவில்லை. அப்படியா, பாருங்கள் என்று பெம்பிள்டன் ஒரு நிரபராதி இளைஞனை அறைக்குள் அழைத்துப்போய், கை ஓங்காமல், குரல் உயர்த்தாமல், செய்யாத கொலையை ஒப்புக்கொள்ள வைக்கிறார். இதுவரை நாம் ரசித்த திறமை எவ்வளவு பயங்கரமான ஆயுதம் என்று அப்போதுதான் உறைக்கிறது. ஃபோல்ஜரில் இயாகோவைப் பார்க்க முடியாமல் போனவர்களுக்கு இதுதான் மிக நெருங்கிய மாற்று. மூன்றாவது சீசனைத் தொடங்கிவைக்கும் மூன்று எபிசோட்களும் ஒரே வழக்கு. பெம்பிள்டனின் கடவுள் நம்பிக்கை உடைவது அங்கே. அதே சீசனின் கடைசி எபிசோட் ‘தி கேஸ் மேன்’ நன்றாக இருக்கும், ஆனால் அதில் விருந்தினர் ப்ரூனோ கெர்பிக்குத்தான் பெரிய பங்கு.

நான்காவது சீசனின் கடைசியில் பெம்பிள்டனுக்குப் பக்கவாதம் வருகிறது, விசாரணை அறைக்குள்ளேயே, ஒருவனை மடக்கிக்கொண்டிருக்கும்போது. ஐந்தாவது சீசனைப் பலர் தாண்டிப் போகிறார்கள், போகாதீர்கள். நாக்குதான் மூலதனம் என்று நான்கு சீசன் காட்டிவிட்டு, அந்த நாக்கையே பிடுங்கிவிட்டுப் பாத்திரத்தை எழுதியிருக்கிறார்கள். மேஜை வேலை, தேடித் தேடி வரும் சொற்கள், பாதியில் நின்றுபோகும் வாக்கியம், தன்னைப் பரிதாபமாகப் பார்க்கிறவர்கள் மேல் எரிச்சல். ப்ராவர் இதை ஒரே மாதிரி இழுத்துக்கொண்டு போகவில்லை. சீசன் நகர நகர, பக்கவாதத்தின் தடயத்தை அளந்து அளந்து குறைக்கிறார். களைப்பான காட்சிகளில் அது திரும்ப எட்டிப் பார்க்கிறது. எபிசோட்களை வரிசை மாற்றிப் பார்த்தால் இந்தக் கணக்கு கலைந்துவிடும். ஐந்தாவது சீசனை மட்டுமாவது முறைப்படி பாருங்கள்.

ஆறாவது சீசனின் ‘சப்வே’ 1997 டிசம்பரில் வந்தது. சுரங்க ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவில் நசுங்கிய ஒருவர் (வின்சென்ட் டொனோஃப்ரியோ); ரயிலை நகர்த்தினால் உயிர் போய்விடும். யாராவது தள்ளிவிட்டார்களா என்று கேட்க வந்த பெம்பிள்டன் கடைசிவரை பக்கத்தில் உட்கார வேண்டியதாகிறது. எழுதியவர் ஜேம்ஸ் யோஷிமுரா. இந்த எபிசோட் பீபாடி விருது வாங்கியது. இதன் தயாரிப்பைப் பற்றி அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி எடுத்த ஆவணப்படமும் ஆறாவது சீசன் டிவிடியில் உண்டு. தொகுப்பில் இருக்கும் கூடுதல் விஷயங்களில் இது ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். எழுத்து மேஜையிலிருந்து படப்பிடிப்பு வரை, ஒரு எபிசோட் எப்படி உருவாகிறது என்பதை இவ்வளவு பக்கத்தில் காட்டும் ஆவணங்கள் குறைவு. முதலில் எபிசோட், பிறகு ஆவணப்படம், மறுபடி எபிசோட் என்று பாருங்கள்.

அந்த சீசன் முடிவில் ப்ராவர் தொடரை விட்டு வெளியேறினார். சில மாதம் கழித்து, 1998-ல், இதே வேடத்துக்காகச் சிறந்த நாயகன் எம்மி அவருக்குக் கிடைத்தது. ஏழாவது சீசனில் அவர் இல்லை, அந்த வெற்றிடம் கண்ணில் குத்துகிறது. வேகமாகத் தாண்டலாம், ஆனால் அதன் கடைசி எபிசோடைப் பார்க்காமல் 2000-ல் வந்த ‘ஹோமிசைட்: தி மூவி’க்குப் போகாதீர்கள். பெம்பிள்டனும் பேலிஸும் அதில் திரும்பி வருகிறார்கள், பேலிஸ் சுமந்துகொண்டு வரும் பாரம் அந்தக் கடைசி எபிசோடில்தான் ஏற்றப்படுகிறது.

இனி வாங்குகிறவர்களுக்கான விஷயம். டிவிடிகள் அமெரிக்க மண்டலம் 1, அமெரிக்கத் தொலைக்காட்சியின் என்டிஎஸ்சி முறை. வேறு மண்டலத்துக்குப் பூட்டிய ப்ளேயரில் ஓடாது. எல்லா மண்டலமும் ஓட்டும் ப்ளேயர் வேண்டும். படம் பழைய 4:3 அளவில் இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். டிவி தானாக இழுத்து அகலப்படுத்தினால், அமைப்பில் போய் 4:3 என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் முகங்கள் பருத்துத் தெரியும். அசைவை மென்மையாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஃபிலிம் மணிமணியாகத் தெரிவதும் கேமரா ஆடுவதும் இந்தத் தொடரின் உடம்பு. அந்த வசதி அதைப் பிசைந்து மெழுகாக்கிவிடும். பெரிய திரையில் படம் மங்கலாகத்தான் இருக்கும், சின்னத் திரையிலோ சற்றுத் தள்ளி உட்கார்ந்தோ பார்ப்பது நல்லது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் பயப்படும் ஒன்று: காட்சி திடீரென்று எகிறும், ஒரு பார்வை இரண்டு மூன்று தரம் அடுத்தடுத்து வரும். டிவிடியில் கீறல் இல்லை. எடிட்டிங்கே அப்படித்தான், வெவ்வேறு டேக்குகளை வேண்டுமென்றே ஒட்டியிருக்கிறார்கள். உண்மையான பழுது என்றால் படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது உறைந்து நிற்கும்.

பழைய தொகுப்பை வாங்கினால் எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டு சீசன் சேர்ந்து நாலு டிவிடி, மூன்றிலிருந்து ஏழு வரை சீசனுக்கு ஆறு, கடைசியில் படம் ஒன்று. அந்த ஒற்றை டிவிடி இருக்கிறதா என்று விற்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சீசன் சீசனாகத் தனித்தனியே வாங்குகிறவர்கள் படத்தைத் தனியாகத் தேட வேண்டும்.

வரிசை விஷயத்திலும் கவனம் தேவை. முதல் சீசனில் ‘நைட் ஆஃப் தி டெட் லிவிங்’ என்ற எபிசோட் கதைப்படி மூன்றாவது. கொலைச் செய்தியே வராத ஒரு புழுக்கமான இரவு, ஏசி ஓடாத அலுவலகம், எல்லாரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். விறுவிறுப்பு இல்லை என்று என்பிசி இதைக் கடைசிக்குத் தள்ளியது. உங்கள் பட்டியலில் ஒன்பதாவதாக இருந்தால், மூன்றாவதாக எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் அடீனா வழக்கு பின்னோக்கிப் போவது போல் இருக்கும். மேடை நாடகம் பிடிக்கிறவர்களுக்கு இது தேன். அதேபோல் என்பிசியின் இன்னொரு குற்றவியல் தொடரான ‘லா அண்ட் ஆர்டர்’ தொடரோடு கைகோத்த கதைகள் மூன்று. அவற்றில் முதல் பாதி அந்தத் தொடரில் ஓடும், இரண்டாம் பாதி இங்கே. நடுவில் ஏறின மாதிரி ஓர் எபிசோட் தொடங்கினால் காரணம் அதுதான்.

டிவிடியா, பீகாக் ஸ்ட்ரீமிங்கா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பாட்டு உரிமைச் சிக்கலால் பல வருடம் எந்த ஸ்ட்ரீமிங்கிலும் வராத தொடர், 2024 ஆகஸ்டில் பீகாக்கில் புதுப்பித்த படத்தோடு வந்தது. ப்ராவர் நுரையீரல் புற்றுநோயால் 61 வயதில் இறந்து எட்டு மாதம் கழித்து. படத் தெளிவில் பீகாக் எங்கேயோ நிற்கிறது. ப்ராவரின் நெற்றி வியர்வையைக் கூட எண்ணலாம். ஆனால் சில இடங்களில் பழைய பாட்டை எடுத்துவிட்டு வேறு போட்டிருக்கிறார்கள். வசனமில்லாமல் பாட்டின் மேலேயே நகரும் காட்சிகள் இந்தத் தொடரில் நிறைய, பாட்டு மாறினால் காட்சியின் மனநிலையே மாறிவிடும். முகம் முக்கியம் என்றால் பீகாக், அன்று ஒளிபரப்பானதற்கு நெருக்கமாக வேண்டும் என்றால் டிவிடி. ப்ராவருக்காக மட்டும் பார்க்கிறவர் பீகாக் பக்கம் சாய்வதில் தப்பில்லை. சந்தா முடிந்தாலும் கையில் இருக்க வேண்டும் என்பவருக்கு டிவிடி.

இந்தத் தொகுப்பு தராதது அவருடைய மேடை வாழ்க்கை. தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1996 கோடையில், சென்ட்ரல் பார்க்கின் டெலகோர்ட் திறந்தவெளி அரங்கில் ‘ஐந்தாம் ஹென்றி’யாக நடித்து, மேடை நாடகத்துக்கான ஒபி விருது வாங்கினார். 2008-ல் அதே அரங்கில் ‘ஹாம்லெட்’ நாடகத்தின் கிளாடியஸ், கல்லூரியில் தொடங்கிய அதே வேடம். 2011-ல் ‘தி விப்பிங் மேன்’ நாடகத்தில் விடுதலையான அடிமை சைமன். இவற்றை வாங்கிப் பார்க்கக் கடையில் வட்டு இல்லை. தொலைக்காட்சியில் அடுத்த படி வேண்டுமானால் ‘தீஃப்’, 2006, ஆறே எபிசோட், இரண்டாவது எம்மி அதற்குத்தான். ‘மென் ஆஃப் எ செர்ட்டன் ஏஜ்’ தொடரில் அப்பாவின் கார் ஷோரூமில் நெளியும் மகனாக வருகிறார். பெம்பிள்டனின் திமிர் துளியும் இல்லாத, தோள் தொங்கிய மனிதர்.

‘ப்ரூக்ளின் நைன்-நைன்’ தொடரின் 153 எபிசோடையும் ஏற்கெனவே பார்த்தவர்கள் ஐந்தாவது சீசனின் ‘தி பாக்ஸ்’ எபிசோடுக்கு மட்டும் திரும்பிப் போங்கள். ஹோல்ட்டும் அவருக்குக் கீழே வேலை செய்யும் துப்பறிவாளர் பெரால்டாவும் ஒரு பல் மருத்துவரை (ஸ்டெர்லிங் கே. ப்ரவுன்) விடிய விடிய விசாரிக்கிறார்கள். ஒரே அறை, மூன்று பேர், ஓடும் கடிகாரம். ‘த்ரீ மென் அண்ட் அடீனா’ பார்த்த மறுநாள் இதைப் பார்த்தால், கால் நூற்றாண்டு இடைவெளியில் ஒரே நடிகர் அதே அறையை நகைச்சுவைக்கு எப்படித் திருப்புகிறார் என்பது தெரியும். குரலின் தாழ்ந்த சுருதி அதே, வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் எடை போடும் பழக்கம் அதே. அன்று அந்த எடையில் எதிராளி நொறுங்கினான், இங்கே நாம் சிரிக்கிறோம்.

முழுத் தொகுப்புக்கும் நேரம் இல்லாதவர்கள் முதல் இரண்டு சீசன் அடங்கிய நாலு டிவிடி பெட்டியில் தொடங்குங்கள், 13 எபிசோட். அது பிடித்தால் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது சீசன்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சீசனை விட்டுவிட்டுப் போனால் பெம்பிள்டன் ஏன் கோவிலுக்குப் போவதில்லை என்பது மட்டும் புரியாது. ஏழாவதைக் கடைசியாக, படத்தோடு சேர்த்து வாங்குங்கள். பால்டிமோர் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: தொடரில் காவல் நிலையமாக வரும் ஃபெல்ஸ் பாயின்ட் பழைய துறைமுகக் கட்டடம் 2017 முதல் ஹோட்டலாக இயங்குகிறது. வெளி முகப்பைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும்.